டயர், கேம்பர், அதற்குப் பிறகே ஸ்பிரிங்: திருகோணமலையில் ஓடும் ஒரு டொயோட்டா 86இன் சஸ்பென்ஷன் ஆய்வு

வண்டி 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86. ஜப்பானில் பாவித்து இறக்குமதியானது, ஆறு கியர் மனுவல். உரிமையாளர் உப்புவெளிப் பக்கம் இருப்பவர். நாளாந்தம் நகருக்குள் ஓட்டம், இடையிடையே ஏ6 வழியே ஹபரணை தாண்டிக் கொழும்புவரை பயணம். வருடத்தில் ஓரிரு தடவை கட்டுகுருந்தவில் நேரப் போட்டியும், ஏப்ரலில் நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றமும் ஓட விரும்புகிறார். அவருடைய முறைப்பாடு ஒரே வரி: "வளைவுக்குள்ள ஸ்டியரிங்க இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் முன்பக்கம் வெளியதான் போகுது."

அதற்கு மருந்தாக அவர் கையில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. முன்னும் பின்னும் 8 கி.கி/மி.மீ (1 மி.மீ அமுங்க 8 கி.கி தேவைப்படும்) ஸ்பிரிங் கொண்ட கொயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷொக் தொகுதி) செட், 50 மி.மீ இறக்கம், இரு பக்கமும் தடித்த ஸ்டெபிலைசர் பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி). இந்தப் பட்டியலில் இருந்த எதுவும் அந்த முறைப்பாட்டைத் தீர்த்திருக்காது. முன்பக்கம் வெளியே தள்ளியதற்கான காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஸ்பிரிங் மாற்றம் கடைசியில் செய்யப்பட்டதுதான், ஆனால் பட்டியலில் இருந்த பெறுமானத்தின் கிட்டத்தட்டப் பாதியோடு, வேறொரு காரணத்துக்காக.

முதலில் ஒரு கணக்கு

வளைவில் வண்டி சாய்வதைக் கண்ணால் பார்க்கிறோம். அதனால் சாய்வைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் டயருக்குத் தெரிவது சாய்வு அல்ல, தன்மேல் விழும் பாரமும் தரையோடு தான் நிற்கும் கோணமும்தான்.

இந்த வண்டி ஓட்டுநரோடு சுமார் 1,315 கி.கி. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 460 மி.மீ உயரம், சில்லுகளுக்கிடையிலான அகலம் முன்னுக்கு 1,520, பின்னுக்கு 1,540 மி.மீ. 0.9 ஜி (புவியீர்ப்பின் 0.9 மடங்கு) பக்கவிசையில் வளையும்போது உள்பக்கச் சில்லுகளிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம்: 1,315 × 0.9 × 0.46 ÷ 1.53. கிட்டத்தட்ட 356 கி.கி. இந்தச் சமன்பாட்டில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. எவ்வளவு கல்லான ஸ்பிரிங் போட்டாலும் அதே 356 கி.கி வெளிப்பக்கம் போகும். வண்டியை 20 மி.மீ இறக்கினால் 340 ஆகக் குறையும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கும் பாரும் தீர்மானிப்பது அந்தப் பாரத்தில் முன் சில்லுக்கு எத்தனை, பின் சில்லுக்கு எத்தனை என்ற பங்கீட்டை. முன்பக்கத்தைக் கூடுதலாக இறுக்கினால் முன் வெளிச்சில்லு கூடுதல் பங்கைச் சுமக்கும், முன்பக்கப் பிடிப்பு இன்னும் குறையும். வெளியே தள்ளும் வண்டிக்கு முன்பக்கத் தடித்த பார் போடுவது நோயைக் கூட்டும் வேலை என்பது இதனால்தான்.

வந்தபோது இருந்த நிலை

எதையும் வாங்குமுன் வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, சில்லு சில்லாகப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் நாட்டிலிருந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் கைமாறிக் கைமாறி வயதேறின. பத்து வயது தாண்டிய றப்பர் புஷ் (இணைப்புகளில் அதிர்வை வாங்கும் உருளை) வைத்திருக்கும் வண்டியில் அலைன்மென்ட் (சில்லுகளின் கோண அமைப்பு) என்பதற்கே அர்த்தம் குறைவு.

இந்த வண்டியில் கண்டவை: முன் லோவர் ஆர்ம் (சில்லை உடலோடு இணைக்கும் கீழ்க் கை) இரண்டிலும் பின்பக்கப் பெரிய புஷ் வெடித்து, பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னுக்கு நகர்ந்தது. பின் வலது ஷொக் அப்சோர்பரில் எண்ணெய்க் கசிவு. முன் ஸ்டெபிலைசர் லிங்க் ஒன்றில் ஆட்டம். டயர்களின் டொட் இலக்கத்தில் கடைசி நான்கு எண்கள் வாரத்தையும் வருடத்தையும் காட்டும். அதன்படி அவை ஆறு வருடங்களுக்கு மேற்பட்டவை. டயர் முகத்துப் பள்ளங்களில் ஆழம் இருந்தது, ஆனால் றப்பர் நகத்தால் அழுத்தினாலும் குழி விழாத அளவுக்கு இறுகியிருந்தது. கடற்கரை வெயிலில் வெளியே நிறுத்தும் வண்டிக்கு இது வழமை. ஆழத்தை மட்டும் பார்த்து "டயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது இங்கே மிகவும் பிழையான தீர்ப்பு.

அலைன்மென்ட் அளவு: முன் கேம்பர் (சில்லின் மேல்முனை உள்ளோ வெளியோ சாயும் கோணம், கழித்தல் என்றால் உள்ளே) இடது -0.1°, வலது +0.2°. முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சில்லுகளின் முன்விளிம்பு உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) மொத்தம் 3 மி.மீ வெளிநோக்கி. பின் கேம்பர் -1.1°, -1.3°. இந்த மொடலுக்கு முன் கேம்பர் தொழிற்சாலை அமைப்பிலேயே கிட்டத்தட்ட பூச்சியம்தான், சரிசெய்யும் வசதியும் வைக்கப்படவில்லை. சாதாரண அலைன்மென்ட் கடையில் "முன் கேம்பர் அஜஸ்ட் பண்ண ஏலாது" என்று சொல்வது அதனால்தான். அவர்கள் சொல்வது ஒறிஜினல் பாகங்களை வைத்துப் பார்த்தால் சரி.

எங்கே அளப்பது

நிலாவெளி வீதியில் வேகமாக வளைத்துப் பார்ப்பது அளவீடு அல்ல. நகருக்கு வெளியே காருக்கான வேக எல்லை மணிக்கு 70 கி.மீ. அந்த வேகத்தில் நல்ல டயருள்ள 86 அந்த வீதியில் பிடிப்பின் எல்லையைத் தொடாது. எல்லையைத் தொடும் வேகத்தில், வீதி ஓரத்து மணலும் இருட்டில் படுத்திருக்கும் மாடும் உயிரை எடுக்கும். பொதுவீதியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இதற்குப் போதுமானது ஒரு பெரிய, மட்டமான, மூடிய தளம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் காயவைக்கும் சீமெந்துத் தளங்கள் இருக்கின்றன. அறுவடை இல்லாத காலத்தில் அனுமதியோடு கிடைத்தால் அவை அருமையான இடம். 12 மீற்றர் ஆரையில் வட்டம் கீறி, வெளியே குறைந்தது 8 மீற்றர் வெறுமையாக விட வேண்டும். உமியும் மண்ணும் ஒரு பருக்கையும் இல்லாமல் கூட்ட வேண்டும், ஏனெனில் ஒரு பிடி உமி முழு அளவையும் கெடுத்துவிடும். வலம், இடம் இரு பக்கமும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டுநர் தனியே அமர்ந்திருப்பதால் ஒருபக்க நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு சுற்று நேரம் தெரிந்தால் பக்கவிசை தெரியும்: 39.5 ஐ ஆரையால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் பிரித்து, பிறகு 9.81 ஆல் பிரிக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கி.மீ அளவில்தான் இருக்கும். அதனால் ஆபத்துக் குறைவு, ஆனால் டயர் தன் எல்லையில் நிற்கிறது. பழுதான புஷ்ஷும் கசிந்த ஷொக்கும் இருந்தபடியே எடுத்த முதல் அளவு 7.98 செக்கன், அதாவது 0.76 ஜி.

டயர்

லோவர் ஆர்ம் புஷ், லிங்க் இரண்டும் மாற்றி, டோவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகு அதே அளவில் புதிய டயர்: 215/45ஆர்17. 225 போடலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். தொழிற்சாலை ரிம் 7 அங்குலம். அதில் 225 ஏறும், ஆனால் பக்கச்சுவர் உள்நோக்கி ஒடுங்கி, வளைவில் வளைந்து கொடுக்கும். வெளிவிட்டமும் சுமார் 9 மி.மீ கூடி கியரை நீளமாக்கும். அகலம் வேண்டுமானால் ரிம்மையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை.

தேர்வில் பார்த்தது மூன்று விடயம். தயாரிப்புத் திகதி ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். தேய்வு இலக்கம் (ட்ரெட்வெயர், றப்பர் தேயும் வேகத்தைக் காட்டும் எண்) 200க்கும் 300க்கும் இடைப்பட்ட கோடைகால வகையாக இருக்க வேண்டும். நடுவில் அகலமான நீர்க்கால்கள் (மழைநீரை வெளியேற்றும் பள்ளங்கள்) இருக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருகோணமலைக்கு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவத்தில், நவம்பர் தொடக்கம் ஜனவரிவரை ஒரேயடியாக வரும். வடிகான் நிரம்பித் தாழ்வான இடங்களில் நீர் நிற்கும். போட்டிக்கென்று வடிவமைத்த, கால்கள் குறைந்த டயர் அந்த மாதங்களில் நேர்வீதியிலேயே மிதக்கும். அதே காரணத்தால், நாளாந்தம் ஓடும் வண்டியில் கால் ஆழம் 3 மி.மீ ஆனதும் மழைக்குமுன் மாற்றிவிடுவது நல்லது.

காற்றழுத்தம் தனிக் கதை. கதவோரத் தகடு 35 பி.எஸ்.ஐ என்கிறது. டயரின் வெப்பம் 5.5° செல்சியஸ் கூடினால் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பி.எஸ்.ஐ கூடும். கச்சான் வீசும் ஜூன், ஜூலை மத்தியானத்தில் தார் கொதிக்கும்போது, காலையில் குளிராக 35 வைத்தது ஓட்டத்தில் 40ஐத் தாண்டும். டயரின் நடுப்பகுதியே கூடுதலாகத் தரையைப் பிடிக்கும். வீதிக்கு 34 குளிரில் வைத்தோம். போட்டித்தளத்தில் சூடான பிறகு 36க்கு இறக்கி, வீடு திரும்புமுன் மறுபடி ஏற்ற வேண்டும். அதை மறந்தால் மறுநாள் குளிரில் 30க்கும் கீழே நிற்கும், ஒரு குழியில் ரிம் நெளியும்.

இந்தக் கட்டத்தில் சுற்று நேரம் 7.48 செக்கன், 0.86 ஜி. முழு ஆய்விலும் ஒரே படியில் கிடைத்த மிகப்பெரிய முன்னேற்றம் இதுதான், அதுவும் ஒரு சஸ்பென்ஷன் பாகமும் மேம்படுத்தாமல். வெளியே தள்ளும் குணம் மட்டும் மாறவில்லை. வேகம் கூடியது, ஆனால் முதலில் கைவிடுவது முன்பக்கமாகவே இருந்தது.

கேம்பர்

காரணத்தை ஊசிமுனை வெப்பமானி காட்டியது. வட்டம் ஓடி நிறுத்தியவுடன் முன் வெளிச்சில்லின் றப்பருக்குள் ஊசியை இறக்கி மூன்று இடத்தில் எடுத்தால்: வெளி ஓரம் 78°, நடு 69°, உள் ஓரம் 60°. (தூரத்திலிருந்து சுடும் அகச்சிவப்புத் துப்பாக்கி மேற்பரப்பை மட்டும் வாசிக்கும். சில செக்கன்களில் அது ஆறிவிடும், இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது.) 18 பாகை வித்தியாசம் என்றால் டயர் வெளி ஓரத்தில் ஏறி நிற்கிறது, உள் ஓரம் சும்மா வருகிறது.

ஏன் என்பதற்கு முன் சஸ்பென்ஷனின் வடிவமே பதில். 86க்கு முன்னுக்கு மக்பேர்சன் ஸ்டரட் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சில்லைத் தாங்கும் வகை), பின்னுக்கு டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரு கைகள் தாங்கும் வகை). ஸ்டரட்டில் சில்லு மேலே ஏறும்போது கேம்பர் கொஞ்சமாகத்தான் உட்பக்கம் சாயும். இந்த வண்டியில் ஜக்கால் முன் சில்லை 20 மி.மீ உயர்த்தி அளந்தபோது கிடைத்தது 0.3° மட்டுமே. வளைவில் உடல் 3.3° சாய்ந்தால் வெளிச்சில்லு உடலோடு ஒப்பிட 44 மி.மீ மேலே ஏறும். ஸ்டரட் திருப்பித் தருவது 0.7°. உடல் பறித்தது 3.3°. மிச்சம் 2.6° வெளிப்பக்கச் சாய்வு. நிற்கும்போது கேம்பர் பூச்சியமாக இருந்த டயர், வளைவின் நடுவில் கிட்டத்தட்ட 2.6° வெளிப்பக்கம் சாய்ந்து ஓரத்தில் ஓடுகிறது. பின்பக்க விஷ்போன் இதைவிட நன்றாகத் திருப்பிக் கொடுக்கும், நிற்கும்போதே -1.2° வைத்தும் இருக்கிறது. அதனால் பின்பக்கம் பிடித்துக்கொண்டிருக்க முன்பக்கம் மட்டும் விடுகிறது. உரிமையாளர் சொன்ன முறைப்பாட்டின் முழு விளக்கமும் இந்த ஒரு பந்தியில் அடங்கும்.

இதற்கு மலிவான முதல் படி, ஸ்டரட்டையும் நக்கிளையும் (சில்லின் அச்சைத் தாங்கும் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டில் மேலுள்ளதை எடுத்துவிட்டு மெல்லிய கேம்பர் போல்ட் போடுவது. துளையில் கிடைக்கும் இடைவெளி அளவுக்கு நக்கிள் உள்ளே சாயும். இரு பக்கமும் -1.3° கிடைத்தது. போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: நக்கிள் சாயும்போது டயரின் மேல் விளிம்பு ஸ்டரட்டை நோக்கி வரும். இடையில் குறைந்தது 5 மி.மீ இருக்க வேண்டும். கேம்பர் மாறினால் டோவும் மாறும், எனவே டோவை அளக்காமல் வண்டியை வீதியில் இறக்கக் கூடாது. அரைப் பாகை டோ ஒரு சோடிப் புது டயரைச் சீக்கிரமே தேய்த்துவிடும்.

கேம்பர் அளக்கப் பெரிய இயந்திரம் கட்டாயமில்லை. மட்டமான தளம், ரிம்மின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தொடும் நேரான அலுமினியச் சட்டம், அதன்மேல் டிஜிட்டல் கோணமானி போதும். தளம் மட்டமா என்பதைத் தெளிவான நீர்க்குழாயில் நீர்மட்டம் வைத்து நான்கு சில்லுக்கும் பார்த்து, தாழ்ந்த சில்லின் கீழ் மெல்லிய தகடு வைக்க வேண்டும். டோவுக்கு வண்டியின் இருபுறமும் சமாந்தரமாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஸ்டீல் அடிமட்டத்தால் அளக்கலாம். 17 அங்குல ரிம்மில் 1 மி.மீ என்பது சுமார் 0.13°. பொறுமையாகச் செய்தால் நூல், இயந்திரத்துக்குச் சளைக்காது.

சுற்று நேரம் 7.31 செக்கன், 0.90 ஜி. அதைவிட முக்கியம், முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றாக எல்லைக்கு வந்தன. முறைப்பாடு இங்கேயே தீர்ந்துவிட்டது.

ஸ்பிரிங், ஷொக்

பிறகு ஏன் கொயிலோவர்? பின் ஷொக் ஒன்று ஏற்கனவே கசிந்துவிட்டது, மற்ற மூன்றும் அதே வயது. எப்படியும் நான்கும் வாங்க வேண்டிய நிலை. கூடவே, மஹகஸ்தொட்டவில் தொடர்ந்து இடம் வலம் மாறும் வளைவுகளில் பழைய ஷொக்கோடு வண்டி ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கம் போய் அமர நேரமெடுக்கும். நிலையான வட்டத்தில் இது தெரியவே தெரியாது. மாறும் கணத்தில்தான் தெரியும்.

எந்த ஸ்பிரிங் என்பதைக் கி.கி எண்ணை வைத்து முடிவுசெய்யக் கூடாது, சில்லில் உணரப்படும் பெறுமானத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். சில்லு 1 மி.மீ ஏறும்போது ஸ்பிரிங் எத்தனை மி.மீ அமுங்குகிறது என்ற விகிதத்தை வர்க்கமாக்கி ஸ்பிரிங் பெறுமானத்தால் பெருக்க வேண்டும். 86இல் அந்த விகிதம் முன்னுக்குச் சுமார் 0.95, பின்னுக்குச் சுமார் 0.75. ஆகவே ஒரே 8 கி.கி ஸ்பிரிங் முன்னுக்கு 7.2 ஆகவும் பின்னுக்கு 4.5 ஆகவும் வேலைசெய்யும். "முன் பின் சமம்" என்று விற்கப்படும் 8/8 செட் உண்மையில் முன்பக்கத்தை மிகவும் இறுக்கும் செட். பாரப் பங்கீட்டுக் கணக்கின்படி, முன்பக்கம் வெளியே தள்ளும் வண்டிக்கு அது நேர் எதிரான மருந்து.

உடலின் இயற்கை அதிர்வெண்ணையும் போட்டுப் பார்த்தால் படம் தெளிவாகும். ஒறிஜினல் ஸ்பிரிங் (சுமார் 2.4 முன், 3.7 பின்) தருவது முன்னுக்கு 1.3, பின்னுக்கு 1.4 ஹேர்ட்ஸ். 8/8 தருவது 2.4, 2.0. அது வழவழப்பான ஓடுபாதைக்கு, ஒட்டும் போட்டி டயருக்கு உரிய இறுக்கம். ஒட்டுப்போட்ட வீதியில் சில்லு குழியைத் தொடராமல் தாவும். தாவும் கணத்தில் பிடிப்புப் பூச்சியம். தெரிந்தெடுத்தது முன் 4, பின் 5. அதிர்வெண் முன் 1.7, பின் 1.6. சொகுசுக்கு மட்டும் பார்த்தால் பின் சற்றுக் கூடுதலாக இருப்பதே வழக்கம், 6 போட்டிருக்கலாம். ஆனால் இது பின்சில்லு இழுக்கும் வண்டி. நனைந்த வீதியில் பின்பக்கம் மென்மையாக இருப்பது ஓட்டுநருக்குப் பாதுகாப்பு. கேம்பரால் கிடைத்த முன்பக்கப் பிடிப்பில் சிறு பங்கை இதற்கு விலையாகக் கொடுத்தது சரியான பேரம்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷொக்கில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் 2.4இலிருந்து 4 ஆனால் தேவையான அடக்கும் விசை சுமார் 29 சதவீதம் கூட வேண்டும் (விகிதத்தின் வர்க்கமூலம்). 8 ஆனால் 83 சதவீதம். ஒறிஜினல் ஷொக் அதைத் தராது, வண்டி ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை குதிக்கும்.

இறக்கம் முன் 20, பின் 15 மி.மீ மட்டுமே. லோவர் ஆர்ம் ஒறிஜினல் உயரத்தில் வெளிமுனை சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. 20 மி.மீ இறக்கத்தில் கிட்டத்தட்டக் கிடையாகிறது. அதற்கும் கீழே போனால் வெளிமுனை மேலே திரும்பும். அப்போது உருளும் மையம் (வளைவில் உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே விழும், இரண்டுக்கும் இடைப்பட்ட நெம்புகோல் நீளும், இறக்கிய வண்டி முன்னைவிடக் கூடுதலாகச் சாயப் பார்க்கும். டை ரொட் (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பி) கோணமும் கெட்டு, குழியில் விழும்போதெல்லாம் சில்லு தானாகத் திரும்பும். 50 மி.மீ இறக்கம் பார்வைக்கு அழகு, வளைவுக்குக் கேடு. தரைக்கும் வண்டிக்கும் 130 மி.மீ மட்டும் இருந்த மொடலில் 50ஐக் கொடுத்துவிட்டு நகரின் வேகத்தடைகளை எப்படித் தாண்டுவது என்பது வேறு கேள்வி.

எல்லாம் பூட்டி, நக்கிள் இணைப்பில் மீதமிருந்த அசைவையும் சேர்த்து முன் கேம்பர் -2.0° ஆனது. சாய்வு 2.5° ஆகக் குறைந்ததால் கணக்கு இப்படி: 33 மி.மீ ஏற்றம், 0.5° திரும்பல், இழப்பு 2.0°. வளைவின் நடுவில் டயர் தரையில் நேராக நிற்கிறது. வெப்பமானியும் அதையே சொன்னது: 71°, 69°, 70°. சுற்று நேரம் 7.27 செக்கன், 0.91 ஜி. செலவில் பெரும்பங்கை விழுங்கிய படி, வட்டத்தில் தந்தது 0.01 ஜி. இதைப் பார்த்துப் பணம் வீண் என்று சொல்லக் கூடாது. ஷொக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டிவிட்டு வீதியில் ஓட்டினால், எவ்வளவு அமுங்கியது என்று அது நகர்ந்து காட்டும். பழைய ஷொக்கில் டை பம்ப் ஸ்டொப்பரை (அசைவின் முடிவில் தடுக்கும் றப்பர்) தொட்டு நின்ற அதே வீதியில், புதியதில் 15 மி.மீ மிச்சம் இருந்தது. வளைவின் நடுவில் ஸ்டொப்பரைத் தொடும் சில்லு திடீரென்று கல்லாகிப் பிடிப்பை விடும். அந்த 15 மி.மீதான் வாங்கிய பொருள்.

ஷொக்கின் கிளிக்கை (இறுக்கத்தை மாற்றும் திருகின் படி) நடுவில் தொடங்கி, ஒரு தடவைக்கு இரண்டு கிளிக் வீதம் ஒரு முனையை மட்டும் மாற்ற வேண்டும். கிண்ணியாப் பாலத்தின் இணைப்புகளைச் சட்ட வேகத்தில் கடக்கும்போது வண்டி ஒரே அசைவில் அமர்ந்தால் போதும். தொடர் இணைப்புகளில் வண்டி படிப்படியாகக் கீழே அமுங்கிக்கொண்டே போவதுபோல இருந்தால் மீளும் அடக்கம் (அமுங்கிய ஷொக் விரியும்போது உள்ள தடை) கூடிவிட்டது, இரண்டு கிளிக் தளர்த்த வேண்டும்.

வேண்டாமென்று விட்டவை

ஸ்டெபிலைசர் பாரின் இறுக்கம் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும். ஒறிஜினல் முன் 18 மி.மீ, பின் 14 மி.மீ. பின்னுக்கு 16 போட்டால் வெறும் 2 மி.மீ, ஆனால் இறுக்கம் 71 சதவீதம் கூடும். அது உள்பக்கப் பின்சில்லைத் தூக்கும். 86இன் டோர்சன் டிபரென்ஷியல், பிடிப்புக் குறைந்த சில்லு தாங்கும் விசையைப் பெருக்கி மறுசில்லுக்குக் கொடுக்கும் வகை. உள்சில்லு காற்றில் நின்றால் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை, வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் வீணே சுழலும். ஏற்கனவே சமநிலைக்கு வந்த வண்டிக்கு இது தேவையற்றது.

உருண்டை பேரிங் கொண்ட டொப் மவுண்டும் (ஸ்டரட்டின் மேல்முனையை உடலோடு பூட்டும் பாகம்) தவிர்க்கப்பட்டது. கேம்பர் இன்னும் கூடக் கிடைக்கும்தான், ஆனால் கடற்காற்றின் உப்பும் மணலும் அந்தத் திறந்த பேரிங்கைச் சீக்கிரமே கிறீச்சிட வைக்கும். றப்பர் மவுண்ட் இங்கே நீண்டகாலம் நிற்கும். பின் கேம்பர் இறக்கத்தோடு -1.7° ஆனது. முன்பக்கத்தைவிடக் குறைவாக இருப்பதால் பின் லோவர் ஆர்ம் வாங்கத் தேவை வரவில்லை.

பூட்டும் வேலையில்

இந்தத் தொழிலில் அதிகமாக நடக்கும் பிழை: சில்லு தொங்கிய நிலையில் ஆர்ம் போல்ட்டுகளை இறுக்குவது. றப்பர் புஷ் உள்குழாயோடு ஒட்டிய பொருள். தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கிய நிலையிலேயே நாள் முழுவதும் நிற்கும். உயரம் பொய்யாகக் கூடும், சில மாதத்தில் புஷ் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, சில்லின் கீழ் பலகையடுக்கு வைத்து வண்டியை இறக்கி, ஓட்டுநர் ஆசனத்தில் அவர் எடையளவு பாரம் வைத்து, அதன் பிறகே டோர்க் ரென்ச்சால் முடிக்க வேண்டும்.

நக்கிளைக் கழற்றுமுன் பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ் வயரையும் ஸ்டரட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். நக்கிள் ஹோஸில் தொங்கக் கூடாது, கம்பியால் கட்ட வேண்டும். கொயிலோவரின் ஸ்பிரிங் இருக்கையை 1 மி.மீ முன்னழுத்தத்தோடு நிறுத்தி, உயரத்தைக் கீழ் அடைப்பிலிருந்து (பிரக்கெட்) சரிசெய்ய வேண்டும். உயரம் ஏற்ற ஸ்பிரிங்கை நசுக்கினால் கீழிறங்கும் அசைவு பறிபோகும். நான்கு உயரமும் சரியான பிறகே ஸ்டெபிலைசர் லிங்க்குகளை, வண்டி தரையில் நிற்கையில், இழுபடாமல் பூட்ட வேண்டும். சில்லு நட் 120 நியூட்டன் மீற்றர், 100 கி.மீ ஓடியதும் மறுபடி. வண்டி தாழ்ந்ததால் தலைவிளக்கின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பிறகு தலைகாட்டிய கோளாறுகள்

மெதுவாக ஓடும்போது முன்னிருந்து "டக் டக்" என்ற சத்தம். ஷொக்கைச் சந்தேகிப்பது இயல்பு, ஆனால் காரணம் ஸ்டெபிலைசர் லிங்க். இறக்கிய உயரத்துக்கு ஒறிஜினல் லிங்க் நீளம் கூடி, பாரின் முனை அருகிலிருந்த பாகத்தைத் தட்டியது. நீளம் குறைக்கக்கூடிய லிங்க் போட்டதும் நின்றது.

இரண்டாவது கொஞ்சம் பாரதூரமானது. ஒரு குழியில் விழுந்த பின்னர் ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தது. நக்கிள் இணைப்பில் வெள்ளை மையால் கீறியிருந்த கோடு விலகி நின்றது. அளந்தபோது வலது முன் கேம்பர் -2.0°இலிருந்து -1.5°க்கு நழுவியிருந்தது. புதிய அடைப்பின் முகத்திலிருந்த தடித்த பெயின்ட் படலம் நசுங்கி, போல்ட்டின் இறுக்கம் தளர்ந்ததுதான் காரணம். முகத்தை உலோகம் தெரியச் சுரண்டி, மெல்லிய துருத்தடுப்பு மட்டும் பூசி, புதிய நட் போட்டு, கைநூலில் சொன்ன டோர்க்கில் இறுக்கியதும் கோடு அசையவில்லை. இந்த வெள்ளைக் கோடு செலவில்லாத வேலை. எந்தக் கேம்பர் போல்ட் வேலைக்கும் அதைக் கீறாமல் விடக் கூடாது.

உப்புக்காற்று நகரில் கொயிலோவரின் பூட்டு வளையம்தான் முதலில் இறுகிப்போகும். அலுமினிய வளையமும் இரும்பு உடலும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு வளையத்தைத் திருப்பினால் புரி கழன்று வரும். பூட்டுமுன் புரியில் அன்டி சீஸ் பசை பூசி, உயரம் முடிவானதும் துணியுறை போட்டு மூட வேண்டும். கடற்கரை ஓட்டத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரால் சில்லுக்குழிகளைக் கழுவ வேண்டும், அமுக்கநீர்த் துப்பாக்கியை ஷொக்கின் மேல் சீலுக்கு நேரே பிடிக்கக் கூடாது. மாரி தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை வளையங்களை ஒரு சுற்றுத் தளர்த்தி, சுத்தம் செய்து, அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடத்தை முன்னரே அளந்து எழுதி வைத்தால்தான் அது நடக்கும்.

தற்போதைய அமைப்பு: முன் கேம்பர் -2.0°, டோ பூச்சியம். பின் கேம்பர் -1.7°, டோ மொத்தம் 2 மி.மீ உள்நோக்கி, ஸ்பிரிங் 4/5, ஷொக் முன் நடுக் கிளிக், பின் அதிலிருந்து இரண்டு தளர்வு. -2.0° கேம்பர் நேர்வீதியில் உள் ஓரத்தைச் சற்று வேகமாகத் தேய்க்கும், ஆனால் டோ பூச்சியத்தில் இருக்கும்வரை அந்தத் தேய்வு சிறிது. 5,000 கி.மீக்கு ஒரு தடவை உள், நடு, வெளி மூன்றிலும் கால் ஆழம் அளக்கப்படுகிறது. உள் ஓரம் மற்றவற்றைவிட 1 மி.மீக்கு மேல் குறைந்தால் முதலில் டோவையும், அது சரியாயிருந்தால் மாத்திரம் கேம்பரை -1.7°க்குத் தளர்த்துவதையும் பார்க்க வேண்டும்.